பட்டாளத்து லாரிக்கு லாக் உள்ள ஆக்சில் மாற்றும் முறை

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் சாம்பல் கலந்த சேற்றில் லாரி சிக்கினதைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே காய்ந்த தரை மாதிரி தெரியும். காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அதில் 4×4 பட்டாளத்து வண்டியே நின்றுவிடும். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் சும்மா சுழன்று சேற்றை வாரி இறைக்கும். மற்ற இரண்டும் அசையாமல் இருக்கும். "நாலு வீலும் இழுக்கும்னு சொல்லித்தானேண்ணே வாங்குனேன்?" என்று ஓனர் என்னிடம் கேட்பார். நாலும் இழுக்கும், நாலுக்கும் தரை பிடித்தால். ஆக்சில் நடுவில் இருந்து இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் வழுக்கினால் அந்தப் பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். அதைத் தீர்க்கத்தான் இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்.

நான் சாத்தாங்காடு பக்கம் 28 வருஷமாகக் கனரக வண்டி வேலை பார்க்கிறேன். கடைசிப் பத்து வருஷத்தில் இராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட அசோக் லேலண்ட் ஸ்டாலியன் மாதிரி வண்டிகள் ரெக்கவரி வேலைக்காக இந்தப் பக்கம் வர ஆரம்பித்தன. இங்கே யாருக்கும் அது அந்நிய வண்டி இல்லை. அசோக் மோட்டார்ஸ் என்று 1948இல் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி எண்ணூரில்தான் இருக்கிறது. திருவொற்றியூரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அங்கே வேலை பார்த்த ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ இருப்பார். நானும் அப்படி ஒரு பெரியப்பாவிடம்தான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "லாக் மட்டும் தனியா வாங்கிக் குடுத்தா மாட்டித் தர்றீங்களா?" என்று கேட்டு வருபவர்கள் நிறையப் பேர். நம் ஊர் டிப்பரில் வருகிற காற்று லாக், பல் வைத்த கிளட்ச். ஆக்சில் ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டிய பல்லான ஸ்ப்லைன் மேல் காலர் என்ற ஒரு வளையம் நகரும். அதன் பல் டிஃபரன்ஷியல் கூட்டில் உள்ள பல்லோடு கோர்த்துக்கொள்ளும். கோர்த்ததும் அந்த ஷாஃப்ட்டும் கூடும் ஒன்றாகிவிடும். மறுபக்கமும் வேறு வழியில்லாமல் அதே வேகத்தில் சுற்றும். இதற்குக் கூட்டில் பல் வெட்டியிருக்க வேண்டும், அந்தப் பக்க ஷாஃப்ட்டில் ஸ்ப்லைன் நீளமாக இருக்க வேண்டும், ஆக்சிலின் வெளியுறையான ஹவுசிங்கில், காலரை நகர்த்தும் ஃபோர்க்கும் காற்று சிலிண்டரும் உட்காரும் இடம் வார்த்திருக்க வேண்டும். சாதா ஹவுசிங்கில் இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் லாக் வேண்டுமென்றால் ஆக்சிலையே மாற்றுகிறோம்.

அமெரிக்காவில் எம்35 என்ற இரண்டரை டன் இராணுவ லாரியை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. அதன் ராக்வெல் ஆக்சிலுக்குத் தானாகவே பூட்டித் திறக்கும் லாக்கர் கிடைக்கிறது. டிஃபரன்ஷியலைத் தாங்கும் கேரியரைத் தூக்கி, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்டார் பினியனை எடுத்துவிட்டு அதை வைத்தால் போதும், ஹவுசிங்கைத் தொட வேண்டாம். நமக்குக் கைக்கு எட்டும் வழி டிப்பர் ஆக்சில்தான். ஸ்டார் பினியனை வெல்டு வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடச் சொல்பவர்களும் உண்டு. ரோட்டில் ஓடுகிற எந்த வண்டிக்கும் அதை நான் செய்து தருவதில்லை. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் டயர் தேய்வது இருக்கட்டும், மழை நாளில் மணலி எக்ஸ்பிரஸ் சாலைத் திருப்பத்தில் வண்டி நேராகவே போகும். பக்கத்தில் பைக்கில் போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

ஆக்சில் தேடப் போகும்போது டேப், வெர்னியர், ஒரு நோட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். நான் முதலில் வண்டியில் இருக்கும் பழைய ஆக்சிலை அளந்து எழுதிக்கொள்வேன். ஒரு ஹப் முகத்திலிருந்து மறு ஹப் முகம் வரை எவ்வளவு, கமான் பட்டை உட்காரும் இரண்டு மேடைகளின் நடுவுக்கு நடு எவ்வளவு, மேடையின் அகலம், சென்டர் போல்ட் துளை, யு போல்ட் கனம், புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டும் பினியன் ஃபிளாஞ்சின் போல்ட் வட்டம், பினியன் மூக்கு வண்டியின் நடுவிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது. ஹப்பில் 10 ஸ்டட், 335 மி.மீ. வட்டம் என்றால் நம் பெரிய லாரிகளில் பாதிக்கு மேல் பொருந்தும். அதைப் பார்த்ததும் எல்லாம் பொருந்திவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கமான் மேடை 20 மி.மீ. தள்ளியிருந்தாலே வேலை கெட்டது. மேடையை அறுத்து நகர்த்தி வெல்டு வைக்கலாம் என்பார்கள். ஹவுசிங் குழாய் சூட்டில் வளையும், வளைந்த குழாயில் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும், ஒரு நாள் ஒடியும். வார்ப்பு ஹவுசிங்காக இருந்தால் வெல்டையே நினைக்காதீர்கள். இன்னொரு பத்து நாள் தேடுங்கள். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் இல்லாவிட்டால் வெளியூர் யார்டுகளில் கிடைக்கும்.

பட்டாளத்து வண்டியில் ஒரு தனி விஷயம் இருக்கிறது. அதன் பின்பக்கம் பெரும்பாலும் ஒற்றைச் சக்கரம். முன் டயர் போட்ட தடத்திலேயே பின் டயரும் போகட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். மணலில் முன் டயர் அழுத்திக் கொடுத்த பாதையில் பின் டயர் லேசாக ஏறி வரும். டிப்பர் ஆக்சில் இரட்டைச் சக்கரத்துக்குச் செய்தது, ஹப் முகம் உள்ளே தள்ளியிருக்கும். அதில் ஒற்றை டயர் போட்டால், டயர் மாட்டும் இரும்புச் சக்கரமான டிஸ்க்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் தடம் மாறலாம். மாறினால் பின் டயர் தனக்கென்று புதுத் தடம் வெட்ட வேண்டும். லாக் போட்டு வாங்கின லாபத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதனால் வாங்கும் முன் டிஸ்க்கை ஹப்பில் வைத்துப் பார்த்து, டயரின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து முன்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிரேக் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் இடையில் விரல் போகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. இதில்தான் அதிகப் பேர் காசைத் தொலைக்கிறார்கள். 4×4 வண்டியில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும். கேரியர் கழற்றியிருந்தால் பல்லை எண்ணுங்கள். பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41, அதைச் சுழற்றும் சின்னப் பினியனில் 7 என்றால் 5.857. 37க்கு 6 என்றால் 6.167. காகிதத்தில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் முன்பக்கம் 5.857, பின்பக்கம் 6.167 என்று வைத்துவிட்டு முன் டிரைவைப் போட்டால், பின் சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் முன் சக்கரம் 105 மீட்டர் போகப் பார்க்கும். அந்த 5 மீட்டரை டயர் தேய்த்துத்தான் கழிக்க வேண்டும். மணலில் வழுக்கிக் கழிந்துவிடும். கான்கிரீட்டில் கழியாது, ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லிவர் வெளியே வராது.

ஆக்சில் கழற்றாமல் யார்டில் கிடந்தால் இப்படிப் பாருங்கள். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கட்டுங்கள். லாக் விடுபட்டிருக்க வேண்டும். பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸ் கோடு ஒன்று, மறுபக்க ஹப்பில் ஒன்று. ஒரு பக்கம் கட்டியிருப்பதால் மறு ஹப் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். இரண்டே சுற்றில் முடித்துக்கொண்டால் கண் ஏமாற்றிவிடும், ஹப்பை 20 சுற்று சுற்றுங்கள். ஃபிளாஞ்ச் 58 அரைச் சுற்றுக்குச் சற்று மேல் வந்தால் 5.857, 61 முக்காலுக்குச் சற்று முன் நின்றால் 6.167. ஒருவர் சுற்ற, ஒருவர் வாய்விட்டு எண்ண வேண்டும். ஹப் ரிடக்ஷன், அதாவது ஹப்புக்குள்ளும் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம் உள்ள ஆக்சில் என்றால் இந்த எண்ணிக்கையில் ஹப்பின் ரிடக்ஷனும் சேர்ந்தே வந்துவிடும், ஆனால் பல்லை மட்டும் எண்ணியவர் அதைத் தனியாகப் பெருக்க வேண்டும்.

ரேஷியோ சரி என்றால் ஷாஃப்ட்டை உருவிப் பாருங்கள். லாக் போட்டு ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், இரண்டு ஷாஃப்ட் பங்கு போட்ட முழு இழுவையையும் ஒரே ஷாஃப்ட் தாங்க வேண்டும். ஸ்ப்லைன் பல்லின் ஓரமாக ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். பல் நூலோடு நேராகப் போனால் நல்லது. கயிறு திரித்த மாதிரி லேசாகச் சாய்ந்திருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை தன் சக்தியை மீறி முறுக்குப்பட்டது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். பிறகு விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளையை அடியுங்கள். ஃபிளாஞ்ச் கழுத்திலும் ஸ்ப்லைன் முடியும் இடத்திலும் சிவப்புக் கோடு தலைகாட்டினால் அதைக் காயலான் கடைக்கு அனுப்புங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஏலக் காகிதம், ஆக்சில் வாங்கின பில் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

இனி வேலை. ஹப், டிரம்மோடு ஆக்சில் அரை டன்னுக்குக் குறையாது. கடற்கரைப் பக்கத்துப் பட்டறைகளில் தரை மணல், ஜாக்கி மெதுவாகப் புதையும். கீழே இரும்புத் தகடு, அதன் மேல் ரயில்வே ஸ்லீப்பர் கட்டை, அதன் மேல்தான் ஜாக்கி. சேஸிஸ் இரண்டு பக்கமும் முட்டு கொடுத்து, எடை முட்டில் இறங்கினதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆள் அடியில் போகலாம். வெறும் ஜாக்கியை நம்பி என் பட்டறையில் யாரும் படுக்கக் கூடாது, பத்து நிமிஷ வேலையாக இருந்தாலும் சரி.

பின் பிரேக்கில், காற்று போனால் ஸ்பிரிங்கால் பிரேக் பிடிக்கும் ஸ்பிரிங் சேம்பர் இருந்தால், காற்று டேங்கை வடிக்கும் முன்பே அதன் ரிலீஸ் போல்ட்டைச் சுற்றி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கட்டிவிடுங்கள். அந்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் பலம் உள்ளது. சேம்பரின் பட்டி கிளாம்ப்பை எந்தக் காரணத்துக்கும் கழற்றாதீர்கள். அதன் பின் காற்றை வடித்து, ஹோஸ்களுக்கு அடையாளம் போட்டு, வாயைத் துணியால் கட்டி, புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு முனையிலும் பெயின்ட் கோடு போட்டுக் கழற்றுங்கள். அந்தக் கோடு இல்லாமல் ஸ்ப்லைனை ஒரு பல் மாற்றிக் கோர்த்தால் இரண்டு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயின்ட்டுகள் ஒரே தளத்தில் நிற்காது, வண்டி முழுக்க அதிரும். யு போல்ட் நட்டு உப்புக் காற்றில் இறுகியிருக்கும். அறுத்தே எடுங்கள், எப்படியும் பழையதைத் திரும்பப் போடப் போவதில்லை.

வாங்கின ஆக்சிலை அப்படியே ஏற்றிவிடாமல் ஷாஃப்ட்டை உருவி, கேரியரை மேஜைக்கு எடுங்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு மூன்று நாள் இழந்திருக்கிறார்கள். பினியனிலும் கிரவுன் வீலிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், வேறு வேறு ஜோடி என்றால் சத்தம் ஒருநாளும் நிற்காது. லாக் காலரின் பல்முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் கூர்மையாக விரலில் தட்ட வேண்டும். கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாக இருந்தால் பாரம் ஏறும்போது கழன்றுவிடும்.

பினியன் பேரிங் புதுசு போட்டால் இறுக்கத்தை அளக்காமல் விடாதீர்கள். ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி, ஸ்பிரிங் தராசால் இழுங்கள். சுற்ற ஆரம்பிக்கும் கணத்தைப் பார்க்காமல், சீராகச் சுற்றும்போது காட்டும் எடையைப் படியுங்கள். 8 செ.மீ. ஆரத்தில் 4 கிலோ காட்டினால் 32 கிலோ-செ.மீ. அந்த ஆக்சிலின் மேனுவல் சொல்லும் எண்ணுக்குள் அது வரும் வரை ஷிம் என்ற மெல்லிய தகட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு பிளே, அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவில் இருக்கும் ஆட்டம். டயல் கேஜை கிரவுன் பல்லின் மேல் நிறுத்தி, பினியனை அசையாமல் பிடித்து, கிரவுன் வீலை ஆட்டுங்கள். இந்த அளவு ஆக்சில்களில் என் கையில் வந்தவை பெரும்பாலும் 0.20க்கும் 0.40 மி.மீ.க்கும் நடுவில் கேட்டவை. நாலு இடத்தில் பாருங்கள். இடத்துக்கு இடம் மாறினால் கிரவுன் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்தது பல் பதிவு பார்ப்பது. பத்துப் பன்னிரண்டு பல்லில் புளூ பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசி, கிரவுன் வீலைக் கட்டையால் அழுத்தித் தடுத்துக்கொண்டே பினியனைச் சுற்றினால், இரண்டும் எங்கே தொடுகின்றன என்று பல்லே எழுதிக் காட்டும். பதிவு பல்லின் நடுவில், உள்முனைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து விழ வேண்டும். பாரம் ஏறினால் அது வெளிமுனைப் பக்கம் நகர்ந்து நடுவுக்கு வந்துவிடும். பதிவு பல்லின் உச்சியில் இருந்தால் பினியன் கிரவுனுக்கு எட்ட நிற்கிறது, கிட்டே கொண்டு போக வேண்டும். பல்லின் அடியில் இருந்தால் பினியனைத் தள்ளி வைக்க வேண்டும். உள்முனையிலேயே ஒட்டிக்கிடந்தால் பிளேயைச் சற்றுக் கூட்டுங்கள், வெளிமுனையில் என்றால் குறையுங்கள். ஒரு முறை ஷிம் மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். போன வருஷம் ஒரு கேரியருக்கு ஏழு முறை பிரித்துப் பூட்டினேன். ஏழாவது முறை நீலத்தின் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு நெல்மணி மாதிரிப் பதிவு வந்தது. பையனைக் கூப்பிட்டு, "இதை மனசுல வெச்சுக்கோ கண்ணு, இதுக்குத்தான் காலையில இருந்து மல்லுக்கட்டுனோம்" என்றேன்.

ஆக்சிலை அடியில் தள்ளி ஏற்றும்போது சென்டர் போல்ட் தலை மேடைத் துளையில் முழுதாக இறங்கினதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். புது யு போல்ட்டை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு டார்க் ரெஞ்சில் கொடுங்கள். முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

பினியன் கோணம் அடுத்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் பக்கவாட்டில் பார்த்தால் இணையாக நிற்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. கோண கேஜ் இல்லாதவர்கள் போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியை ஃபிளாஞ்ச் முகத்தில் ஒட்டி வைத்துப் பார்க்கலாம். விலகியிருந்தால் கமானுக்கும் மேடைக்கும் நடுவில் இரும்பு ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் பெரும்பாலும் மாறியிருக்கும். கமான் முழுக்க அமுங்கும்போது ஸ்ப்லைன் அடியில் முட்டக் கூடாது, தொங்கும்போது வெளியே நழுவக் கூடாது. வெட்டி ஒட்டினால் பேலன்ஸ் பார்த்தே வாங்குங்கள்.

லாக்குக்குக் காற்றை எங்கிருந்து எடுப்பது? பிரேக் டேங்கில் டீ போட்டு எடுப்பதை நானே பலமுறை பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அந்த மெல்லிய நைலான் டியூப் ஒரு கல்லில் கிழிந்தால் பிரேக் காற்று போய்விடும். பாதுகாப்பு வால்வில் உபரி வேலைக்கென்று இருக்கும் வாயிலிருந்து எடுங்கள். காற்று போனால் ஸ்பிரிங் தானே லாக்கை விடுவிக்கிற மாதிரிதான் சிலிண்டர் இருக்க வேண்டும். டியூப்பை பிரேக் ஹோஸோடு சேர்த்து, ஆக்சில் முழுக்கத் தொங்கினாலும் இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

டாஷ்போர்டு விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் போட்ட முதல் லாக்கில் ஃபோர்க் ஸ்விட்ச் கெட்டிருந்தது. அவசரத்தில் அதை மாற்றாமல், டிரைவர் தட்டும் ஸ்விட்ச்சிலேயே விளக்கை இணைத்துவிட்டேன். ஒரு மாசம் கழித்து அதே சாம்பல் சேற்றில், சக்கரம் வேகமாகச் சுழலும்போதே டிரைவர் லாக்கைத் தட்டியிருக்கிறார். விளக்கு எரிந்தது, பல் கோர்க்கவில்லை. கோர்த்துவிட்டது என்று நம்பி ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்தார். பல் பாதியில் கடித்தது, ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் கழுத்தில் ஒடிந்தது. யாருக்கும் அடியில்லை, ஆனால் அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது. அதன் பிறகு ஃபோர்க் உண்மையிலேயே நகர்ந்தால் மட்டும் எரியும்படிதான் விளக்குப் போடுகிறேன், கூடவே ஒரு பஸ்ஸரும்.

ரோட்டுக்கு இறக்கும் முன் பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சின் அணைத்து, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லாக் இல்லாமல் மறு சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இப்போது நியூட்ரலுக்கு வந்து, காற்றைக் கொடுத்து லாக்கைப் போட்டுச் சுற்றினால் இரண்டும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். விளக்கு எரியாவிட்டால் சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பல் கோர்க்கும் 'டக்' சத்தம் கேட்கும்.

முன் ஆக்சிலுக்கும் லாக் வேண்டும் என்பவர்களிடம் முதலில் பின்னால் மட்டும் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். முன்னால் பூட்டினால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், சக்கரம் திரும்பியிருக்கும்போது ஜாயின்ட்டுக்குத் தாங்கும் சக்தி குறைவு. பின்பக்க லாக்கே பெரும்பாலான வேலையை முடித்துக் கொடுக்கிறது.

ஹவுசிங் மேல் இருக்கும் காற்றுத் துளை மூடியை எங்கள் பகுதியில் அப்படியே விடக் கூடாது. ஓடிச் சூடான ஆக்சில் கழிமுகத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் துளையில் ஒரு ஹோஸ் மாட்டி சேஸிஸ் உயரத்துக்கு மேல் கொண்டுபோய் வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். ஆயில் ஜிஎல்-5 தரத்தில் 85டபிள்யூ-140. இந்தப் பல் லாக்குக்கு வேறு எந்த மருந்தும் கலக்க வேண்டாம்.

டிரைவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். சிக்கும் முன்பே, வண்டி நின்ற நிலையிலோ ஊர்ந்து போகும்போதோ, சக்கரம் சுழலாதபோது, ஸ்டியரிங் நேராக வைத்து லாக்கைப் போட வேண்டும். கெட்டித் தரைக்கு வந்ததும் எடுக்க வேண்டும். எடுத்தும் விளக்கு அணையாவிட்டால் பல் இறுகிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், நாலு அடி ரிவர்ஸ் வந்தால் விட்டுவிடும்.

100 கிலோமீட்டரில் யு போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி இறுக்குங்கள். 500இல் ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மை மாதிரி நைசான கறுப்பு ஒட்டியிருந்தால் புதுப் பல் பழகிய பொடி, துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றலாம். நகத்தில் சிக்கும் செதில் கிடைத்தால் கேரியரை மறுபடி மேஜைக்கு எடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றைக்கே ஹப் சீல் இரண்டையும் மாற்றி, மேலே கட்டின ஹோஸ் எங்கே கழன்றது என்று தேடுங்கள்.